நாற்பத்தொரு முகமும் ஒரு மோட்டார் கடையும்

எரிந்துபோன மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கினால் மற்ற கடைக்காரர்கள் மீட்டரை எடுப்பார்கள். மாயக்காள் அக்கா குனிந்து முகர்ந்து பார்ப்பார். உள்ளே சுற்றியிருக்கிற செம்புக் கம்பிக் காயில் கருகிய வாசனையை வைத்தே, கிணற்றில் தண்ணீர் இல்லாமல் ஓடியதா, இல்லை மூன்று பேஸ் கரன்ட் வராத நேரத்தில் கண்டன்சரைப் போட்டு இரண்டு பேஸில் ஓட்டினார்களா என்று சொல்லிவிடுவார். "அப்படியெல்லாம் ஓட்டலம்மா" என்று மோட்டாரின் சொந்தக்காரர் சத்தியம் செய்வார். அக்கா திருப்புளியை எடுப்பார். கழற்றிப் பார்த்தால் அவர் மூக்கு சொன்னபடிதான் இருக்கும்.

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருபத்திரண்டு வருடம் இருந்த 'சோணை மோட்டார் ஒர்க்ஸ்' அக்காவின் கணவர் வெள்ளைத்துரை அண்ணனுடையது. வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் வெள்ளைச் சட்டையும் திருநீறுமாக அண்ணன். உங்கள் ஊரில் மழை எப்படி, மகளுக்கு வரன் பார்த்தாயிற்றா என்று வருகிறவர்களிடம் விசாரிப்பது அவர் வேலை. காயில் கட்டுவது அக்காவின் வேலை. அது அப்படி ஆனதற்கு ஒரு தீபாவளி காரணம். கடை தொடங்கி மூன்றாம் வருடம், காயில் கட்டிக்கொண்டிருந்த ஆள் தீபாவளிக்கு ஊருக்குப் போனவர் திரும்பவே இல்லை. ஏழு மோட்டார்கள் திறந்தபடி கிடந்தன. சோறு கொண்டுவந்த அக்கா, தூக்குவாளியை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தார். ஒரு மோட்டாரின் பழைய கம்பியைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்து எண்ணி, காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்துக்கொண்டு, அதே எண்ணிக்கையில் புதுக் கம்பியைச் சுற்றினார். முதல் இரண்டு ஓடவில்லை. மூன்றாவது ஓடியது. அன்று உட்கார்ந்தவர்தான்.

அந்த வேலை அவருக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. கட்டி முடித்த மோட்டாருக்கு முதல்முறை கரன்ட் கொடுத்து, அது சத்தமில்லாமல் சுழலும்போது அக்காவின் முகத்தைப் பார்த்தால் போதும். பேரப்பிள்ளையைத் தொட்டிலில் பார்க்கிற முகம் அது.

நான் முத்துக்குமரன். அதே சாலையில் பதினைந்து வருடமாக பிளக்ஸ் பேனர் டிசைன் செய்கிறவன். பேனர் கட்டுவதற்குக் கெடுபிடிகள் கூடிய பிறகு, என் கடை வாசலிலேயே ஒரு பேனர் கட்டினேன். 'வெப்சைட் செய்து தரப்படும். ரூ. 2,999 மட்டும்.' வெப்சைட் செய்வதை நாலைந்து வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தேன். யாரும் வந்து கேட்காதவரை எல்லாம் தெரியும் என்ற நினைப்பில் நன்றாகத்தான் இருந்தேன்.

தை மாதம், லாட்ஜ் கட்டப்போகிறேன் என்று கட்டிடத்துக்காரர் எல்லாரையும் காலி செய்யச் சொன்னார். சோணை மோட்டார் ஒர்க்ஸ் மூன்று சந்து தள்ளி, மாவு மில்லுக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டது. எங்கள் பக்கத்துச் சம்சாரிகளுக்கு, அதாவது விவசாயிகளுக்கு, கடை முகவரி என்றால் அது கடை இருக்கிற இடம்தான். 'பஸ்ஸ விட்டு எறங்குனா எதுத்தாப்புல.' அவ்வளவுதான் முகவரி. இப்போது எதிரே தகர வேலி நின்றது. வேலிக்குப் பக்கத்திலேயே கண்ணாடிக் கதவும் ஏசியுமாக ஒரு புது மோட்டார் கடை வந்திருந்தது. போனில் தேடினாலும் அதுதான் முதலில் வந்தது. வெள்ளைத்துரை அண்ணன் நம்பர் எத்தனை பேரிடம் இருந்துவிடும்? மோட்டார் எரிவது மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை. அதற்குள் மனிதர் இரண்டு போன் மாற்றியிருப்பார். மாதம் நாற்பது மோட்டார் வந்த கடைக்கு மாசியில் ஒன்பது வந்தது.

வெள்ளைத்துரை அண்ணனுக்கு இதில் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. சந்துக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் பேச ஆள் வருவதில்லை என்பதுதான் அவர் குறை. கோரிப்பாளையம் பக்கம் ஒரு அடுக்குமாடி வீட்டுக்கு வாட்ச்மேன் வேண்டுமென்று யாரோ சொல்லியிருந்தார்கள். "ஆடி பொறக்குறதுக்குள்ள பாப்போம். ஓடலேன்னா சாவியக் குடுத்துட்டுப் போயிருவோம். அங்க கேட்டுல உக்காந்தா நூறு பேரு வந்து போவாய்ங்க" என்றார். அக்கா எங்கே போவார் என்பதை அவர் சொல்லவில்லை. வீட்டில் டிவி இருக்கிறதே.

பங்குனியில் ஒரு மத்தியானம் அக்கா என் கடைக்கு வந்தார்.

"தம்பி, போன்ல தேடுனா நம்ம கடை வரணும். அதுக்கு என்னமோ செய்றியாமே?"

"வெப்சைட்டுக்கா. செஞ்சிருவோம். என்னென்ன போடணும்?"

"கடைப் பேரு, வர்ற வழி, போன் நம்பரு. வேற என்ன இருக்கு?" என்றவர் கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "கடைய மூடுனா நான் வீட்டுல உக்காந்து என்னத்தப் பண்ணுவேன்? எனக்குக் கை நிக்காது தம்பி."

அந்த மூன்றை மட்டும் போட்டிருந்தால் அரை நாள் வேலை. ஆனால் 2,999 ரூபாயை வாங்கிக்கொண்டு மூன்று வரியைக் கொடுக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. "அண்ணனையும் ஒரு வார்த்தை கேட்டுக்கிருவோம்க்கா" என்றேன். நான் செய்த முட்டாள்தனங்களை வரிசைப்படுத்தினால் இந்த ஒரு வார்த்தை முதல் ஐந்துக்குள் வரும்.

மறுநாள் அண்ணன் தனியாக வரவில்லை. அக்காவின் தம்பி விருமாண்டியையும் கூட்டிவந்தார். விருமாண்டி என் பழைய வாடிக்கையாளர். அவர் வீட்டு விசேஷங்களுக்கு நான் அடித்த பேனர்களை ஒட்டுப்போட்டால் வைகையில் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு விரிக்கலாம்.

"முத்து, வெப்சைட்டுல மொதப் பக்கத்துல என்ன போடுவ?" என்று விருமாண்டி கேட்டார்.

"மோட்டார் படம் போடலாம்ண்ணே."

"மோட்டாரு என்ன, உள்ளூர்ல யாரும் பாக்காததா? சொந்தபந்தம் இல்லாம எப்பிடிடா போடுவ?"

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் பக்கம் ஒரு காதணி விழா பேனரை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். காது குத்திக்கொள்ளும் குழந்தை ஒரு மூலையில் உள்ளங்கை அளவுக்கு இருக்கும். தாய்மாமன்கள் ஆள் உயரத்துக்குக் கூலிங் கிளாஸ் போட்டு நடந்து வருவார்கள். அதற்குக் கீழே பங்காளிகள், சம்பந்திகள், நண்பர்கள் என்று வரிசை. ஒரு தலை விடுபட்டாலும் போச்சு. விடுபட்டவர் அன்றைக்குச் சாப்பிடாமல் போவார், அடுத்த விசேஷத்துக்கு வரவே மாட்டார், அவர் வீட்டு விசேஷத்துக்கு இவர்களையும் கூப்பிட மாட்டார். ஒரு போட்டோவால் பேச்சுவார்த்தை அறுந்த குடும்பங்கள் எனக்குத் தெரிந்தே ஏழு. அதில் இரண்டு என் கவனக்குறைவால் அறுந்தவை.

"மச்சான், பேனரு ஒரு வாரத்துல கிழிஞ்சிரும். இது அப்பிடியே நிக்கும்ல? இதுல ஒருத்தன விட்டா அவன் சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவான்" என்றார் விருமாண்டி.

"மாப்ள சொல்றது நாயந்தேன்" என்றார் அண்ணன்.

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. பதினைந்து வருடம் இதே வேலையைச் செய்தவனுக்கு வேறு எப்படிப் படும்?

வாட்ஸ்அப்பில் தகவல் போனது. இரண்டு நாளில் நாற்பத்தொரு படங்கள் வந்து சேர்ந்தன. கொடைக்கானலில் ஸ்வெட்டர் போட்ட படம், யாரோ ஒருவருடைய காரில் சாய்ந்த படம், அண்ணனுக்குச் சித்தப்பா முறையான நல்லகாமன் பன்னிரண்டு வருடத்துக்கு முன் தலையில் முடியோடு இருந்த படம். அண்ணனின் பெரியப்பா மகன் கருத்தக்கண்ணன் மட்டும் தன் ஜல்லிக்கட்டு மாட்டோடு நின்றார். மாட்டை வெட்டிவிட்டு ஆளை மட்டும் போடட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டுமானால் தன்னை வெட்டிக்கொள்ளச் சொன்னார்.

நாற்பத்தொரு பேரையும் பின்னணி நீக்கி, ஓரம் தீட்டி, கணினித் திரையில் வரிசைக்கு நான்காக அடுக்கினேன். எல்லாப் படங்களும் முடிந்தபின் பக்கத்தின் அடியில் கடைப் பெயர், வழி, போன் நம்பர். படங்களை மட்டும் கை பழக்கத்தில் பிளக்ஸ் அளவிலேயே ஏற்றிவிட்டேன். அடுக்குமாடியின் பக்கவாட்டுச் சுவரில் தொங்கவிட்டாலும் மீசை மயிர் ஒவ்வொன்றாகத் தெரியும். போனில் அந்தப் பக்கம் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். டவுனில் ஒரு டீ, அலங்காநல்லூர் தாண்டிவிட்டால் சாப்பாடே சாப்பிடலாம். இது எனக்கு அன்று தெரியாது. என் கடை வைஃபையில் நன்றாகத்தான் ஓடியது.

சித்திரை முதல் தேதி வெப்சைட் வெளியானது. அன்று சாயங்காலமே கருத்தக்கண்ணன் கோபித்துக்கொண்டார். கணினியில் நான்கு நான்காக இருந்த படங்கள், போனில் பார்த்தால் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கின. பேனரில் ஒரு வரிசையில் இருக்கிற நான்கு பேரும் சமம். இங்கே முதல் ஆள் என்று ஒருவர், கடைசி ஆள் என்று ஒருவர். கருத்தக்கண்ணன் இருபத்து மூன்றாவது. இருபத்திரண்டாவது ஆள் அவரைவிட ஒன்பது வயது சின்னவன்.

"நான் என்ன அவனுக்குக் கீழயா?" என்று அண்ணனுக்குப் போன் வந்தது. மறுநாள் காலைக்குள் பதினோரு போன். அண்ணன் என் கடையில் வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தார். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் படங்கள் தாமாகவே கலைந்து வேறு வரிசையில் வரும்படி செய்தேன். என் தொழில் வாழ்க்கையில் நான் செய்த ஒரே உருப்படியான தொழில்நுட்பம் இதுதான்.

சண்டை அடங்கியது. தான் முதலில் வருகிறவரைக்கும் திறந்து மூடிக்கொண்டே இருப்பது சொந்தக்காரர்களின் பொழுதுபோக்கானது. முதலில் வந்ததும் அதைப் படம் பிடித்து ஸ்டேட்டஸ் வைத்தார்கள். வருகைக் கணக்கு ஒரு நாளைக்கு முந்நூறைத் தொட்டது. அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்.

"முந்நூறு பேரு பாக்குறாய்ங்க முத்து. எதுத்தாப்புல இருந்தப்பக் கூட அம்புட்டுப் பேரு பாத்ததில்ல."

மோட்டார் மட்டும் வரவில்லை. சித்திரையில் ஆறு. கிணறுகள் வற்றி மோட்டார்கள் கொத்துக்கொத்தாக எரிகிற கோடையில் ஆறு. அக்கா ஒருநாள் என்னை நிறுத்திக் கேட்டார்.

"முந்நூறு பேருல ஒருத்தன் வீட்லயுமா தம்பி மோட்டாரு எரியல?"

"கொஞ்ச நாள் ஆகும்க்கா" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனார். அன்றைக்கு மேசையில் மோட்டார் எதுவும் இல்லை. துடைத்த திருப்புளிகளையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வைகாசிக் கடைசியில் காளை என்ற சம்சாரி வந்தார். அலங்காநல்லூருக்கு மேற்கே கரும்பு போட்டிருக்கிறவர். பயிர் வாடிக்கொண்டிருக்கும்போது கிணற்று மோட்டார் எரிந்துவிட்டது. பழைய ஞாபகத்தில் சுமை ஆட்டோவில் மோட்டாரை ஏற்றி ஆரப்பாளையம் வந்தால் தகர வேலி. கண்ணாடிக் கதவுக் கடையில் பழைய மோட்டாரைத் தொடுவதில்லை, புதுசு வாங்குங்கள் என்றுவிட்டார்கள். மோட்டாரோடு ஊருக்குத் திரும்பிப் போனவர், வரப்பில் உட்கார்ந்து சோணை மோட்டார் என்று போனில் தேடியிருக்கிறார். வெப்சைட் வந்தது. ஒரு முகம் வந்தது. பிறகு இன்னொன்று. எட்டு முகம் வந்ததும் சிக்னல் போதாமல் அப்படியே நின்றுவிட்டது. முப்பத்து மூன்று பேருக்குக் கீழே இருக்கிற போன் நம்பர் எங்கே வரப்போகிறது?

ஆனால் எட்டில் ஒன்று கருத்தக்கண்ணன். காளை முதலில் அடையாளம் கண்டது மாட்டைத்தான். போன தையில் ஜல்லிக்கட்டில் தன்னைத் தூக்கிப் போட்ட மாட்டை யார் மறப்பார்கள்? மாட்டை வைத்து ஆளைக் கண்டுபிடித்தார். ஊரில் விசாரித்து ஆளின் நம்பரைப் பிடித்து, கடை எங்கே என்று கேட்டார்.

கருத்தக்கண்ணனுக்குக் கடை எங்கே என்று தெரியாது. இடம் மாறிய பிறகு அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனாலும் வெப்சைட்டில் படம் இருக்கிற ஆள் தெரியாது என்று சொல்ல முடியுமா? "நீங்க மோட்டாரோட வந்து ஆரப்பாளையத்துல நில்லுங்கண்ணே, நம்ம ஆளு வருவான்" என்று கெத்தாகச் சொல்லிவிட்டு விருமாண்டிக்குப் போன் போட்டார். விருமாண்டி வேறு வழியில்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய், சுமை ஆட்டோவுக்கு முன்னால் வழிகாட்டிக்கொண்டே சந்துக்குள் வந்தார். வருகைக் கணக்கைக் காட்ட நானும் அப்போது கடையில்தான் இருந்தேன்.

காளை மோட்டாரை இறக்கிவிட்டு வெள்ளைத்துரை அண்ணனைக் கும்பிட்டார். "நீங்கதான் காயில் கட்டுறதாண்ணே?"

"நான் மொதலாளிண்ணே" என்றார் அண்ணன்.

"அப்ப இவரா?" என்று விருமாண்டியைப் பார்த்தார். விருமாண்டி இல்லையென்று தலையாட்டினார். காளை போனை எடுத்தார். கடையில் சிக்னல் நன்றாக இருந்ததால் முகங்கள் மடமடவென்று இறங்கின. ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தார். "எங்க ஊருல எட்டுப் பேருதான் வந்தாங்க. மிச்சப் பேருல இருப்பாருன்னு நெனச்சேன். இதுல எவருண்ணே மாஸ்டர்?"

காளை நாற்பத்தொன்றாவது முகத்துக்கு வந்துவிட்டார்.

உள்ளேயிருந்து அக்கா வந்து மோட்டாருக்குப் பக்கத்தில் குனிந்தார். "ரெண்டு பேஸுல ஓட்டிருக்கீங்க. மொதல்ல அந்தக் கண்டன்சரத் தூக்கிப் போடுங்க. நாளக்கழிச்சு மோட்டார வந்து எடுத்துக்கங்க" என்றார்.

காளை அக்காவையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்கதான் கட்டுறதாம்மா? இதுல உங்க படத்தக் காணமே."

"அக்கா உள்ளதான இருக்காக, அவுக படம் எதுக்குன்னு..." என்று விருமாண்டி இழுத்தார். உண்மை என்னவென்றால் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்வதற்காவது முதலில் நினைத்திருக்க வேண்டும். நாற்பத்தொரு தலையை ஓரம் தீட்டியவன் நான். எனக்கே தோன்றவில்லை. அவமானமாக இருந்தது.

காளையின் கரும்பு பிழைத்தது. அவர் ஊரில் போய்ச் சொல்ல, அந்தப் பக்கத்து ஆட்கள் தேடத் தொடங்கினார்கள். எட்டோ பத்தோ முகம் வரும், அதற்குள் யாராவது ஒருவர் எந்த வகையிலாவது தெரிந்தவராக இருப்பார். மாமன் மச்சான் தெரியாத ஊர் எங்கள் பக்கம் கிடையாது. முகத்துக்குப் போன் போகும், முகம் விருமாண்டிக்குப் போன் போடும். "என் பொழப்பே மோட்டாருக்கு முன்னாடி வண்டி ஓட்டுறதாப் போச்சு" என்று விருமாண்டி புலம்பினார். நான் செய்த தப்பெல்லாம் சேர்ந்து எப்படியோ ஒரு வெப்சைட்டாக வேலை செய்தது. இதைச் சொல்லி விளம்பரம் செய்ய முடியாது என்பதுதான் என் துக்கம்.

ஆனியில் முப்பத்தாறு மோட்டார் வந்தது. வந்தவர்கள் 'அந்த அம்மா இருக்காங்களா' என்று கேட்டுக்கொண்டுதான் சந்துக்குள் நுழைந்தார்கள். வாசல் நாற்காலியில் அண்ணனுக்குப் பேச்சுத் துணை கிடைத்துவிட்டது. ஆடி பிறந்தபோது அவர் சாவியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. வாட்ச்மேன் வேலைக்கு நல்லகாமனைச் சிபாரிசு செய்துவிட்டார்.

ஆடி முதல் வாரம் நான் அக்காவிடம் போனேன். மேசையில் ஒரு மோட்டார் திறந்திருந்தது. வரிசையில் இன்னும் நான்கு இருந்தன.

"அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கிறேன். நாப்பத்திரெண்டாவதாச் சேத்துருவோம்."

"வேணாம் தம்பி."

"இல்லேன்னா எல்லாரையும் எடுத்துட்டு ஒங்கள மட்டும் போடட்டுமா? கீழயே நம்பரு, வர்ற வழி."

அக்காவின் கை நின்றது. சுற்றிக்கொண்டிருந்த கம்பியை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"போடு" என்றார்.

நான் அதை எதிர்பார்க்கவில்லை. "அம்புட்டுப் பேரும் கோவிச்சுக்கிருவாங்களேக்கா?"

"அவுக கோவிச்சா என்ன, நீங்க எல்லாரும் போயி சமாதானம் பண்ணுவீங்க. வெப்சைட்டு வந்த சித்திரையிலருந்து நான் கோவமாத்தான் இருக்கேன். ஒருத்தருக்காச்சும் தெரிஞ்சுச்சா?"

சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து சுற்றுகளை எண்ணத் தொடங்கினார்.